யாரும் வருவதற்குள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலையும் உன் அம்மாவின் வாயையும் தவிர மற்றதெல்லாம் சுகம். (வாயைப் பற்றிய வரியை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சொன்னதை எழுதுவதாகத்தானே பேச்சு என்று கேட்டதும் எடுத்தாள்.) அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி காய்ச்சல் இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். குளியலறைக் குழாயை ஒருவழியாக உன் அண்ணன் மாற்றிவிட்டான், சொட்டுச் சத்தம் நின்றதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். எதிர்வீட்டு ரேடியோக்காரர் கண் ஆபரேஷன் முடிந்து வந்ததும் முதல் வேலையாக என்னைப் பார்த்து, நீ இவ்வளவு கிழவனா என்று கேட்டார், இத்தனை நாள் அவர் என்னோடு சரிசமமாகப் பேசியது கண் தெரியாததால்தான் என்று இப்போதுதான் புரிகிறது. நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறாய் என்று பேரன் சொல்லிவிட்டான், அதற்காக அவனைத் திட்டாதே, வெறும் வயிற்றோடு போகிறவளுக்குக் கோபம்தான் சாப்பாடு, அதை மாப்பிள்ளைதான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கறதை எல்லாம் எழுதி அனுப்புங்கப்பா, ஒண்ணு விடாம, என்று கேட்டாய் அல்லவா, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் படம் தெரிகிற போனில் உன் முகம் நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது, நான் பாதி சொல்லும்போது வாயைத் திறந்தபடி நிற்கிறாய், நான் சொன்னதைக் கேட்டுத்தான் அப்படி ஆகிவிட்டாயோ என்று எனக்குப் பேச்சு அடைத்துவிடுகிறது. அதுவும் கடைசியாகப் பேசியபோது, தோண்டக் கூடாததைத் தோண்டிட்டேன்ப்பா என்று அழுதாய். அழுத பிள்ளைக்குப் போனில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் பொறுமையாக உட்கார்ந்து இதைப் படி, முடிந்தால் சாப்பிட்டுவிட்டுப் படி.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் மாமனார் வீட்டுக் கூடத்தில் ஏழு தலைமுறையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், நம் பக்கம் தாத்தாவோடு நின்று மொட்டை மாடி மாதிரி இருக்கிறது, மேலே எழுப்பியே தீருவேன் என்று நீ ஆரம்பித்தாய். என்னைக் கேட்டாய், நான் என்னத்தைச் சொல்ல, என் அப்பாவின் அப்பாவை மூட்டைக்காரர் என்பார்கள், அவருக்கு முன்னால் இருந்தவரை நொண்டி வண்டிக்காரர் என்பார்கள், நொண்டினது வண்டியா அவரா என்று சொல்ல உயிரோடு ஆள் இல்லை. அப்புறம் போன வருஷம் உன் சிநேகிதி வந்தபோது இரண்டு குழாய் கொடுத்தனுப்பினாய், எனக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, எச்சிலைத் துப்பி மூடி அனுப்பினால் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்வார்கள் என்று. எனக்கு நாக்கு வறண்டு ஒரு சொட்டு வரவில்லை. அத்தை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு, எங்க டிப்போ மேனேஜரை நினைச்சுக்கிட்டேன், தானா வந்துடுச்சு, நீ வேணா உன் மாமனாரை நினைச்சுப் பாரேன் என்றாள். உன் அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நீ போன் செய்வது குறைந்தது, செய்தாலும் அத்தை எப்படி இருக்காங்க என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாய். உனக்கு அங்கே என்ன தெரிந்துபோனது என்று எனக்கு எப்படித் தெரியும். எனக்கும் அத்தைக்கும் ரத்தத்தில் ஒட்டே இல்லை என்று வந்ததையும், எங்கேயோ இருக்கிற ஒரு சின்னப் பெண்ணின் பாட்டி எனக்குக் கூடப்பிறந்தவளாக இருக்க வேண்டும் என்று வந்ததையும் நீ மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிவிட்டு, தாங்காமல் அண்ணனிடம் சொன்னாய். அவன் அண்ணியிடம் சொன்னான், அதில் தப்பில்லை, புருஷன் பெண்டாட்டி. அண்ணி நல்லவள், ஆனால் அவள் வாயில் எது எப்போது நழுவும் என்று அவளுக்கே தெரியாது. அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனவள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பாராட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, சொந்த ரத்தம் இல்லாட்டியும் எங்க மேல எவ்வளவு பாசமா இருக்கீங்க அத்தை என்று சொல்லிவிட்டாள். கூட்டமான இடத்தில், கண்ணில் மருந்து ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவளிடம்.  மருந்து எரியுதா அத்தை என்று இவள் கேட்டாளாம், ஆமா என்றாளாம்.

மறுநாள் காலை அத்தை வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், மாமா போனதிலிருந்து ஒரு நாள் தவறாமல் நம் வீட்டில்தான் காலை டீ, அதுவும் அவளுடைய சொந்த டம்ளரில், விளிம்பில் நசுங்கின அந்த டம்ளர் நம் அலமாரியில்தான் இருக்கும் என்று உனக்குத் தெரியும். மழையோ என்று பார்த்தேன், மழை இல்லை. அதற்கடுத்த நாள் நான் மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து வந்து, அவளிடம் இருந்த நம் வீட்டுச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உன் அம்மா எவ்வளவோ கேட்டும், வேலை இருக்கு அண்ணி என்று ஒரே பேச்சு. அலமாரியில் அந்த டம்ளர் இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் வட்டமாக இருந்தது, அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, வாங்க, உக்காருங்க என்றாள். பாப்பா, எழுபது வருஷமாக என்னை வா போ என்றும் எருமை என்றும் கூப்பிட்ட வாய் அது. டிப்போவில் பஸ் சீட்டு தைத்துத் தைத்துக் காய்த்துப்போன கை அவளுக்கு, அந்தக் கையால் ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அத்தனை மரியாதையோடு என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். உன் அண்ணி சொன்னதை அப்போதுதான் சொன்னாள், சொல்லிவிட்டு, நான் யாரு, எங்கிருந்து வந்தேன், உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, தெரியாட்டி பரவாயில்ல என்றாள். எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. இந்த வயதில் தங்கச்சியைத் தொலைத்துவிட்டு நிற்கப் போகிறோமோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன், ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தவளை மேலும் அழ வைக்க மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கியே காலம் தள்ளினவன் நான், எழுத்து தெரியாததால் எந்தப் பெட்டி எந்த அறையிலிருந்து வந்தது என்பதை மனசில்தான் அடுக்கி வைப்பேன், இறக்கும்போது ஒன்றொன்றாக எடுப்பேன். அதே மாதிரி எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் அறைக்குப் போனேன். பாட்டில் கம்பெனி குடியிருப்பில் ஒரு அறை. கண்ணாடி உருக்குகிற உலை அணையக் கூடாது, அதனால் கம்பெனியில் பகலும் வேலை, இரவும் வேலை. ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் இரவு வேலை, காலையில் வந்து படுப்பார்கள். இன்னொரு குடும்பம் பகல் வேலை, சாயங்காலம் வந்து அதே பாயில் படுப்பார்கள். பெரியவர்கள் வாசற்படியில் மாறிக்கொள்வார்கள், பிள்ளைகள் மாறுவதில்லை, நாங்கள் எல்லா நேரமும் அங்கேயேதான். அதனால் எனக்கு இரண்டு அம்மா. காலையில் வந்து எழுப்புகிற என் அம்மா பகலம்மா, சாயங்காலம் வந்து ராத்திரி தூங்க வைக்கிறவள் ராத்திரியம்மா. யார் பெற்றது யாரை என்று பெரியவர்களுக்குத் தெரியும், நாலு வயதுக்காரனுக்கு அது எதற்கு. பாயில் என் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை, என்னைவிடச் சின்னவள், எப்போதும் என் போர்வையை இழுப்பவள், அவள் என் தங்கச்சி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கடைசியாக ஒரு கைக்குழந்தை வந்தது, அது எப்போதும் ராத்திரியம்மா மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும், அதனால் அது அவளுடையது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்புறம் உலை அணைந்தது, கம்பெனியை மூடினார்கள், ஆளுக்கொரு திசை போனோம். இதைத்தான் உனக்குப் போனில் சொன்னேன், நீயும் அந்தச் சின்னப் பெண்ணுக்கு எழுதி, அவள் பாட்டியை என்னோடு பேச ஏற்பாடு செய்தாய். அந்த நேரத்தில் நீ வேலையில் இருந்தாய், அதனால் பேசியதைச் சொல்கிறேன்.

அவளைப் புது அத்தை என்றே சொல்கிறேன், இல்லாவிட்டால் உனக்குக் குழப்பும். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலையில் இருந்தவள், பேச்சும் அப்படித்தான், சுற்றி வளைப்பதில்லை. எல்லாம் எனக்குப் பத்து வயசுலயே தெரியும்ண்ணே, எங்க அம்மா மறைக்கல என்று ஆரம்பித்தாள். என் அம்மாவுக்கு உலைச் சூட்டிலும் பிரசவக் காய்ச்சலிலும் பால் வற்றிவிட்டது. ராத்திரியம்மாவிடம் பால் இருந்தது, ஏனென்றால் அவள் மகள் இரண்டரை வயதாகியும் பாலை விடவில்லை. அந்த மகள்தான் நம் அத்தை. (இரண்டரை வயது வரை குடித்தவள், அதுதான் இன்றைக்கும் அந்தக் குரல் தெருமுனை வரை கேட்கிறது.) பிரிகிற நாளில் ராத்திரியம்மா, என்னை விட்டுப் பிரிஞ்சா இது பிழைக்காது, நான் தூக்கிட்டுப் போறேன், ஆனா என் மக கூட இருந்தா இதைக் குடிக்க விட மாட்டா, அவ சோறு சாப்பிடுவா, அவ உங்கிட்ட இருக்கட்டும், நீயும் வெறுங்கையோட போக வேணாம் என்று சொல்லியிருக்கிறாள். குழந்தை பால் மறந்ததும், உலை அணைந்த அதே நாளில் அடுத்த வருஷம், அந்த அறை வாசலுக்கே வந்து மாற்றிக்கொள்வது என்று பேச்சு. யாருக்கும் விலாசம் கிடையாது, போகிற ஊரே தெரியாது, தெரிந்த ஒரே இடம் அந்த வாசல்தான்.

நாங்க போனோம்ண்ணே, அம்மா விளக்கு ஏத்தற வரைக்கும் உக்காந்திருந்தா, நீங்க யாரும் வரல என்றாள் புது அத்தை.  நாங்களும் போனோம். பூட்டிய கதவு முன்னால் என் அம்மாவோடு உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீங்க எந்த வேளைக்கு போனீங்க என்று கேட்டேன். சாயங்காலம்தான், வேற எப்போ என்றாள். வேற எப்போ, பார்த்தாயா. அவள் அம்மா அந்த வாசலுக்கு எப்போதும் சாயங்காலம்தான் வருவாள். என் அம்மா எப்போதும் காலையில்தான் வருவாள். எந்த நேரம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவரவர் வீட்டுக்கு வருகிற வேளைக்கு அவரவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.  உன் அண்ணன் லைன் கட்டாயிடுச்சோ என்று போனைத் தட்டினான்.

இதை எடுத்துக்கொண்டு மறுபடி அத்தை வீட்டுக்குப் போனேன், அதே நாற்காலி, அதே மரியாதை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு பழைய மெத்தை உறையைத் தைத்துக்கொண்டே கேட்டாள், தலை நிமிரவில்லை. கேட்டு முடித்துவிட்டு, அப்போ நான் அடகு வெச்ச சாமான், மீட்க ஆள் வரல, அதனால நீங்களே வெச்சுக்கிட்டீங்க, நல்லா பாத்துக்கிட்டீங்க, குறை சொல்ல மாட்டேன் என்றாள்.  வாயால் வளைத்துப் பேசுகிற சாமர்த்தியம் எனக்கு இல்லை, என்னிடம் இருப்பது ஞாபகம் ஒன்றுதான், அதனால் அந்தக் காலையை அவளுக்குச் சொன்னேன். எனக்கு அது எழுபது வருஷமாகச் செருப்பு தொலைந்த நாள். அம்மா உனக்குத் தலை சீவி, சிவப்பு நாடா கட்டிக் கூட்டிட்டு வந்தா, நீ அவ மடியிலயே தூங்கிட்ட, அவ தெருமுனையைப் பாத்துக்கிட்டே இருந்தா, ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டா உன் தலையைக் கையால மூடுவா, வெயில் இன்னும் புகைபோக்கிக்கு மேல ஏறல, திடீர்னு எழுந்தா, நடக்கத் தெரிஞ்ச உன்னைத் தூக்கி இடுப்புல வெச்சா, என் கையைப் பிடிச்சா, வா போயிடலாம், யாரும் வரதுக்குள்ள அப்படின்னா. அவங்க வரணும்னுதானே வந்தோம்னு நான் கேட்டேன். அம்மா நடந்தா, அப்புறம் ஓடினா. என் செருப்பு கழண்டுடுச்சு, எடுக்க விடல, நான் அழுதுக்கிட்டே ஓடினேன்.

சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு அந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது, பாப்பா. அதுவரை எனக்கே அது விளங்கவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா ஏன் ஓடினாள் என்று புரியவில்லை, பெரியவனான பிறகு செருப்புதான் நினைவில் நின்றது. அப்புறம் அம்மா ஒரு வீட்டிலும் இரண்டு வருஷம் நிலையாக இருந்ததில்லை, மாற்றிக்கொண்டே இருந்தாள், சட்டி பானை தூக்கித் தூக்கித்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன், அது எதற்கு என்பதும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. அத்தையின் ஊசி துணியில் பாதி இறங்கி நின்றது. ஓடினாளா என்று கேட்டாள். ஓடினா என்றேன். என்னைத் தூக்கிக்கிட்டா? உன்னைத் தூக்கிக்கிட்டு, என்னை இழுத்துக்கிட்டு. துணியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். அப்புறம், அப்படின்னா நான் அடகு சாமான் இல்ல, திருட்டு சாமான்னு சொல்லு என்றாள். திருடுபோனவர்களும் திருடினவர்களும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், திருடப்பட்டதற்கு இவ்வளவு பெருமைப்பட்ட ஒரு ஆளைப் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தக் கால் செருப்பு என்றாள். இடது என்றேன். ஒத்தச் செருப்புக்கு எழுபது வருஷம் அழுதவனே, டீ குடிக்கிறியா எருமை என்று எழுந்தாள். அந்த எருமையைக் கேட்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

சந்தோஷம் ஒரு பக்கம், ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போதே இன்னொரு முள் குத்தியது. நம் அத்தைக்கு மருந்தான அதே பேச்சு புது அத்தைக்கு என்ன ஆகும். அவளைப் பெற்றவள்தானே அப்படி ஓடினது. யாரும் வருவதற்குள் என்றால், வருவது யார், அவள்தானே. நேரில் பார்க்கும்போது இதைச் சொல்வதா விழுங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா விழுங்கு என்றாள், அத்தை சொல்லிடு என்றாள், நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

நானும் இரண்டு அத்தைகளும் ஒரு சோபாவில் உட்கார்ந்திருக்கிற படத்தை உன் அண்ணன் அனுப்பினான் அல்லவா, அது யார் வீடும் இல்லை, ஒரு கடை. அந்தப் பழைய அறை வாசலில்தான் சந்திக்க வேண்டும் என்று அத்தை அடம் பிடித்தாள். பின்னால் பாதிப் புகைபோக்கி இன்னும் நிற்கிறது, அதை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன். குடியிருப்பு இருந்த இடத்தில் இப்போது சோபா விற்கிற பெரிய கடை, கண்ணாடிக் கதவு. மத்தியானம் வருவதாகத்தான் அந்தச் சின்னப் பெண்ணோடு அண்ணன் பேசி வைத்திருந்தான். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை, மறுபடி நேரத்தை நம்பி ஏமாற நான் தயாரா இல்ல, காலையில போய் உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன், ரெண்டு வேளைக்கும் சேத்து இருக்கப் போறேன் என்றாள். போகிற வழியெல்லாம் பஸ் சீட்டை அழுத்தி அழுத்திப் பார்த்து, பஞ்சு இல்ல, குப்பை என்று திட்டிக்கொண்டு வந்தாள், பயமாக இருக்கிறது என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். போய் இறங்கினால், கடை இன்னும் திறக்கவில்லை, மூடிய ஷட்டர் முன்னால் படியில் தலை நரைத்த ஒரு பெண்பிள்ளை ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தலை திருப்பினாள். என் காதை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள், பாப்பா, அம்மாவின் நெற்றி, என் காது. எங்க அம்மா வந்த வேளைக்கு வந்து ஒருத்தரும் இல்ல, உங்க அம்மா வந்த வேளைக்காவது வந்து பாப்போம்னு தோணுச்சு என்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். அத்தைதான் முன்னால் போனாள். நீதான் என் பாலைக் குடிச்சவளா என்றாள். அவளும் விடவில்லை, நீங்கதான் என்னைப் பெத்தவளைக் கொண்டு போனவங்களா என்றாள். அதற்கு மேல் இரண்டு பேரும் என்ன செய்தார்கள் என்பதை எழுத உன் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, அவளும் அங்கேதான் நின்றாள்.

கடை திறந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தோம். கடைப் பையன்கள் பெரிய வியாபாரம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அத்தை மெத்தையைப் புரட்டிப் பார்த்து, இந்தத் தையலுக்கு இந்த விலையா என்று கேட்டதும் அப்புறம் யாரும் கிட்ட வரவில்லை. அத்தையைப் பெற்ற ராத்திரியம்மாவைப் பற்றி அத்தைக்குச் சொல்ல என்னிடமும் கொஞ்சம் இருந்தது. அவ பக்கத்துல நான்தானே தூங்கினேன், பாட்டிலை வைக்கோல்ல வெச்சுக் கட்டற வேலை அவளுக்கு, உடம்பெல்லாம் வைக்கோல் வாசம் வரும், தூங்க வைக்கும்போது முதுகுல தட்ட மாட்டா, காதைத் தடவுவா என்றேன். எனக்கும் அதேதான் என்றாள் புது அத்தை. அத்தை தன் காதைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் புது அத்தை என் பக்கம் திரும்பி, எங்க அம்மா சாயங்காலம் வந்தா, சரி, உங்க அம்மாவுக்கு அன்னிக்கு வேலை இல்லையே, சாயங்காலம் வரைக்கும் ஏன் இருக்கல என்று கேட்டாள். மணி அடித்தவளிடம் நேரக் கணக்கில் தப்ப முடியுமா. உன் அம்மா என்னைப் பார்த்தாள், அத்தை என்னைப் பார்த்தாள். பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது, பஸ் போயிடும்னு கிளம்பிட்டா என்று. சொல்ல முடியவில்லை. செருப்பு முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், எங்க அம்மா மட்டும் என்ன என்றாள். விளக்கு ஏத்தினதும், இனி வர மாட்டாங்கன்னு உறுதியானதும் எனக்கு உசுரு வந்துச்சுடின்னு சொல்வா, நான் அடம் பிடிக்கும்போதெல்லாம் சொல்வா, உன்னைக் குடுத்திருக்கணும், தப்பிச்சுட்டன்னு. ஆனா சாகற வரைக்கும் சாயங்காலம் ஆனா வாசல்ல போய் ஒரு நிமிஷம் நிப்பாண்ணே. அப்போதுதான் நானும் சொன்னேன், என் அம்மாவும் எந்த வீட்டுக்கு மாறினாலும் விடிந்ததும் கதவைத் திறந்து, விளக்குமாற்றைத் தொடுவதற்கு முன்னால், தெருவைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள் என்று. பால்காரரைப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஓடின இரண்டு பேரும் ஆளுக்கொரு வேளையாக வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

சாயங்காலம் கடையில் விளக்கெல்லாம் போட்டார்கள், தெருவிலும் போட்டார்கள். எழுந்திருக்க யாருக்கும் மனசு வரவில்லை. மேற்பார்வைக்காரர் வந்து மரியாதையாக, என்னம்மா, ஏதாவது முடிவு பண்ணீங்களா என்று கேட்டார். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவுக்கு வெளியே தெருவை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, ரெண்டு வேளையும் இருந்து பாத்தாச்சு, இனிமே யாரும் வர பாக்கி இல்ல, வாங்க போலாம் என்றாள்.

ஆகையால் பாப்பா, தோண்டினேன் என்று அழாதே. நீ கை வைத்திருக்காவிட்டால் நான் ஒரு செருப்பை நினைத்துக்கொண்டே செத்திருப்பேன், இரண்டு பெண்கள் ஒருத்தி பெயரை ஒருத்தி அறியாமல் போயிருப்பார்கள். ராத்திரியம்மா பால் கொடுத்தாள், அத்தை அந்தப் பாலை விட்டுக்கொடுத்தாள், நீ கேள்வி கேட்டாய், உங்கள் மூன்று பேருக்கும் நான் பட்டிருக்கிற கடன் எந்தத் தோளாலும் தூக்க முடியாத பாரம். அண்ணிமேல் கோபம் வேண்டாம், அவள் வாய் நழுவாவிட்டால் அத்தை நேருக்கு நேர் கேட்டிருக்கவே மாட்டாள். உன் மாமனார் கேட்டால் எங்கள் வீட்டில் தலைமுறை மேலே போகவில்லை, அகலமாகப் போயிருக்கிறது என்று சொல். நீ வரைகிற தலைமுறை மரத்தில் அத்தையை எங்கே போடுவது என்று கேட்டாய், எனக்குப் பக்கத்தில் போடு, கோடு எங்கிருந்து இழுப்பது என்றால் இரண்டு அம்மாவிடமிருந்தும் இழு, புது அத்தைக்கும் அப்படியே, தாள் போதாவிட்டால் பெரிய தாள் வாங்கு.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல், கேட்ட வேளைக்குத் தூக்கமும் பசித்த வேளைக்குச் சோறுமாக நீண்ட காலம் இருக்க வேண்டும். பேரனுக்குக் காதைத் தடவித் தூங்க வைத்துப் பார், தூங்குகிறானா என்று எழுது. அடுத்த மாதம் புது அத்தை இங்கே வந்து சில நாள் தங்கப் போகிறாள், அன்றைக்காவது உன் போனில் படம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா.

கையெழுத்துக்குப் பதிலாக வைத்திருப்பது என் கட்டைவிரல். அதற்குப் பக்கத்தில் வட்டமாக இருக்கிற கறை அத்தையின் டம்ளர், இன்று காலை டீயோடு தாள்மேல் வைத்துவிட்டாள். அம்மா வேறு தாளில் எழுதிவிடலாம் என்றாள், நான்தான் வேண்டாம், அதுவும் போகட்டும் என்றேன்.